சுருளி பார்த்த முகங்கள்

ஊரடங்கு போட்ட புதிதில் நான் ஒரு விளையாட்டு கண்டுபிடித்து வைத்திருந்தேன். சாயங்காலச் செய்தி தொடங்கும்போது எங்கள் தெருவின் மேற்கு முனையில் நின்றுகொள்வேன். பிறகு மெதுவாகக் கிழக்கே நடப்பேன். எல்லா வீட்டிலும் டிவி ஓடும். எல்லா டிவியிலும் அதே சேனல், அதே பெண்ணின் குரல். முதல் வீட்டு ஜன்னலில் தொடங்கிய வாக்கியம் மூன்றாவது வீட்டு ஜன்னலில் முடியும். நடுவில் ஒரு சொல்கூட எனக்குத் தவறாது. வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. அந்தக் குரல் மட்டும் வீடு வீடாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். நான் விழித்துக்கொண்டுதான் நடக்கிறேனா என்று கையைக் கிள்ளிப் பார்த்ததும் உண்டு.

நான் கணக்கு டீச்சர். இப்படியெல்லாம் கனவு காண்கிற ஆள் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பெயர் எடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெருவில் சிலர் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். மதுரை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து மூன்று திருப்பம் உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். அந்தக் குரலை எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்து விடுகிற மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவர் பெயர் சுருளி. கேபிள் சுருளி என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்போது ஐம்பது வயது. ஒடிசலான உடம்பு, தோளில் கறுப்பு வயர் வளையம், இடுப்பில் ஒரு கட்டிங் பிளேயர், பழைய மொபெட்டின் பக்கவாட்டில் கட்டிய ஏணி. ஏணியோடு அவர் திருப்பத்தில் திரும்புவதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு படபடக்கும், அவர் பாட்டுக்குப் போவார். முந்நூறு வீடுகளுக்கு லைன் கொடுத்திருக்கிறார். அவர் வாயில் அதிகம் வருகிற பேச்சு, "படம் வருதா?" என்பதுதான். மொட்டை மாடி, மின்கம்பம், காம்பவுண்டுச் சுவர், எங்கே ஏறி நின்றாலும் அங்கிருந்து குனிந்து இதைக் கேட்பார். உள்ளேயிருந்து "வருது, வருது" என்று பதில் வந்ததும் இறங்கிப் போய்விடுவார்.

நானும் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறேன். தமுக்கம் மைதானத்தில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்த நாட்களில், ஒரு மத்தியானம் லைன் போய்விட்டது. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். போனில் நான் பேசிய பேச்சுக்கு வேறு ஆளாக இருந்தால் என் வீட்டு வயரை அறுத்து எறிந்துவிட்டுப் போயிருப்பார். இவர் "இந்தா வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடி வந்தார்.

ஊரடங்கின் இரண்டாவது வாரத்தில் என் வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சரிசெய்ய வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வாசலுக்கு வெளியே மாடிப்படியில் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குடித்தார். டிவியில் மாசி வீதியை மேலிருந்து காட்டினார்கள். ஒரு மனிதர்கூட இல்லாத வீதியில் ஒரு மாடு மட்டும் நிதானமாக நடந்து போனது. வெகு நேரம் அதையே காட்டினார்கள். நானும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி வாயடைச்சுப்போயி நான் டிவி பாத்தது சுனாமி அன்னைக்குத்தான்" என்றேன். "நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"ரெங்கம்மாக்கா வீட்டுச் செவத்து மேல" என்றார் சுருளி.

ரெங்கம்மாள் எனக்கு எதிர்வீடு. தெருவில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கேபிள் சரியில்லை என்று சுருளிக்கு முதலில் போன் போடுவதும் அவர்தான்.

"செவத்து மேல என்ன வேலை?"

"ஞாயித்துக்கெழமைல்ல டீச்சர் அது? காலையிலருந்து ஒரே போனு, படம் வரலை படம் வரலைன்னு. செவத்துல ஏறி ஜாயிண்ட மாத்திக்கிட்டு இருக்கேன். ஜன்னல் வழியா அக்கா தெரியுது. கையில மீனு. பாதி ஒரசியிருக்கு, பாதி அப்படியே இருக்கு. 'படம் வருதாக்கா'ங்குறேன், பேச்சே இல்ல. மீனப் புடிச்சபடியே டிவியப் பாத்துக்கிட்டு நிக்கிது. ரொம்ப நேரம் கழிச்சு அந்த மீன, பச்சப்புள்ளயப் படுக்க வைக்கிற மாதிரி தட்டுல வச்சுச்சு. எனக்குச் சுனாமின்னா அதுதான்."

"அலையைப் பாக்கலையா?"

"பெறகு திரும்பத் திரும்பப் போட்டாகள்ல, பாத்தேன். அது வேற."

"என்ன வேற?"

அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "ஊரே ஒண்ணா மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல. திரும்பப் போடுறப்ப அது வராது."

அப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னார். அமெரிக்காவில் அந்த இரண்டு கட்டடங்கள் விழுந்த சாயங்காலம், ரெங்கம்மாளின் கணவர் பேயாண்டி டீயைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டு, சுடுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். ஏதோ இங்கிலீஷ் படம் ஓடுகிறது என்று நினைத்துச் சுருளி வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே முகம். குழந்தை ஒன்று ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நாடே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வீட்டுப் பெண் டிவிக்கு முன்னால் முந்தானையை ஏந்திப் பிடித்தபடி நின்றாளாம், குழந்தையை யாரோ மேலே தூக்கித் தன் மடியில் போடப்போவது மாதிரி. இப்படி இருபது வருடச் செய்திகள் அவரிடம் இருந்தன. எல்லாம் முகங்களாகவே இருந்தன. பெரிய செய்தி வந்தால் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், அந்த நேரத்தில் எங்காவது ஒரு லைன் போகும், இவர் எங்காவது ஏறி நிற்பார். ஒன்றைக்கூட அது நடக்கிற நேரத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"அந்த நேரத்துல ஆளு வேற வேற, மூஞ்சி ஒண்ணு டீச்சர். பெரிய ஆளு சின்ன ஆளு எல்லாம் கெடையாது."

அதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்பதையும் அன்றைக்கே சொன்னார். சுருளியின் ஊர் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். ஊருக்கு முதல் டிவி வயல்காரரின் பெரிய வீட்டுக்குத்தான் வந்தது. யாரோ ஒரு பெரிய தலைவர் இறந்து, அவருடைய கடைசி ஊர்வலத்தை டிவியில் காட்டிய நாள், கதிர் அறுப்பை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் அந்த வீட்டுக்கு ஓடினார்கள். சுருளியும் அன்று கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர்தான். வீட்டு ஆட்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அறுப்புக்கு வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது, பின்பக்கம் போய் ஜன்னலில் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலோ டிவிக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்றவர்களுக்குத் தெரிந்தது டிவியின் முதுகும், அதற்கு எதிரே இருந்த முகங்களும்தான்.

"காலையில எங்கப்பாவ வாடா போடான்னு வஞ்ச மனுசன், வாயத் தொறந்து வச்சுக்கிட்டு அழுகுறாரு. அவரப் பாத்து எங்களுக்கும் அழுகை வந்துருச்சு. படத்தையே பாக்காம அழுதோம் டீச்சர், அம்புட்டுப் பேரும்."

தொழிலுக்கு வந்ததும் முதல் லைனை அவர் தன் ஊரில் தன் தெருவுக்குத்தான் இழுத்தார். வீடு வீடாகப் போய், டிவியை ஜன்னலை மறைத்து வைக்காதீர்கள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

சுருளியின் மனைவி செல்லக்கிளி. சொந்த மாமன் மகள். தெருவின் கிழக்குக் கோடியில் அவர்கள் வீடு. என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான். அளவெடுக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்த வருடம் அவள் பேச்சு குறைந்துவிட்டது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். மிஷினை மிதிக்க முடியாமல் போனதும் சுருளி அதற்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஊரடங்கு வந்தது, நாள் தள்ளிப்போனது. எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் சித்திரைத் திருவிழா வந்தது. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீனாட்சிக்குக் கோயிலுக்குள் தாலி கட்டுகிற அந்த நிமிடத்தில், ஊரில் இருக்கிற கல்யாணமான பெண்கள் எல்லாம் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கூட்டத்தில் போய் நிற்க முடிந்தவர்கள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நின்று மாற்றுவார்கள், முடியாதவர்கள் டிவிக்கு முன்னால். புதுக் கயிற்றைக் கட்டிய பிறகே பழையதைக் கழற்றுவார்கள். அந்த வருடம் கோயிலுக்குள் யாரையும் விடுவதில்லை, பட்டர்கள் மட்டும் நடத்துவார்கள், எல்லோரும் வீட்டிலிருந்து டிவியிலோ போனிலோ பார்த்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வாரமாகச் செய்தியில் அதுவே பேச்சு. ஆளில்லாத கல்யாணம் என்று சொல்லிச் சொல்லிப் பெண்கள் கண் கலங்கினார்கள்.

செல்லக்கிளி தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்:

"கல்யாணம் ஆன மொத வருசம் ரெண்டு பேரும் போனோம் டீச்சர். சித்திரை வீதியில கூட்டம்னா கூட்டம். என்னைய யாரும் இடிச்சிறக் கூடாதுன்னு அவுக ரெண்டு கையவும் வேலி மாதிரி வச்சுக்கிட்டு நின்னாக. ஸ்பீக்கர்ல மேளம் கேட்டதும் நான் மாத்திக்கிட்டேன். அடுத்த வருசம் கேபிள் வந்துருச்சு. இருபத்திரெண்டு வருசமா நான் தனியாத்தான் மாத்துறேன். ஊருக்கெல்லாம் கல்யாணத்தக் காட்டுற மனுசன், அந்த நேரத்துக்கு வீட்டுல இருந்ததில்ல."

"இந்த வருசம்?"

"சொல்லிட்டேன். 'இந்த வருசம் மட்டும் பக்கத்துல இருங்க மாமா. நெஞ்சத் தொறந்து தைக்கப் போறாக, அடுத்த வருசம் யாரு கண்டா'ன்னு. 'போன அணைச்சு வச்சுர்றேன் கிளி'ன்னாக."

அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அதற்கு முன் அந்தக் கல்யாணத்தில் பெரிய அக்கறை கிடையாது. இந்தத் தடவை, சுருளி வீட்டில் இருக்க வேண்டுமே என்று நான் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை தெரு விடியும்போதே மஞ்சள் வாடையோடு இருந்தது. எல்லா வாசலிலும் கோலம். ரெங்கம்மாளுக்கு அது போதவில்லை. "மீனாச்சி கல்யாணம் நம்ம தெருவுக்கே வருது, வாழமரம் இல்லாம எப்படி?" என்று கணவரை விரட்டினார். பேயாண்டி கொல்லையிலிருந்து குலையோடு இரண்டு வாழை வெட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டுக்கு முன்னால் தெருவின் இரு பக்கமும் இருந்த கம்பங்களில் நிமிர்த்திக் கட்டினார். நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். வெயில் ஏறுகிற தெருவில், கூட்டம் வராத கல்யாணத்துக்கு இரண்டு வாழை மரங்கள் அசைந்துகொண்டு நின்றன. அழகாகத்தான் இருந்தது.

உள்ளே வந்தால் டிவி போயிருந்தது. மணி எட்டரை. சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் மிதந்துகொண்டு நின்றது.

ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது. "உங்க வீட்டுல?" "எங்க வீட்டுலயும் இல்ல." "சுருளிக்குப் போடு." "போன் போகலையே." ரெங்கம்மாள் மகளுடைய போனை வாங்கிக் கோயில் நேரலையைத் திறந்தார். ஊரே ஒரே நேரத்தில் திறந்திருக்கும் போல. அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். நேரம் தவறினால் என்னவோ ஏதோ என்று பெண்கள் முகத்தில் பயம் தெரிந்தது. "சுருளியண்ணே! சுருளியண்ணே!" என்று கிழக்குக் கோடியைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நடந்ததைச் செல்லக்கிளி பிறகு சொன்னாள். சுருளி குளித்து வேட்டி கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். டிவி போனதும் இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். "நான் போகலை" என்றார். வெளியே கூப்பிடுகிற குரல்கள் அதிகமாகிக்கொண்டே வந்தன. "நான் போகலை கிளி" என்று இன்னொரு தடவை சொன்னார். கண்ணெல்லாம் வாசலில் இருந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"போயிட்டு வாங்க மாமா. எனக்கு மட்டுமா கல்யாணம்? அம்புட்டுப் பேரும் கயித்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாக. தாலி கட்டுறதுக்குள்ள வந்துருங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியோடு அவர் ஓடிவருவதை மாடியிலிருந்து பார்த்தேன். கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டார், அங்கே எல்லாம் சரி என்றார்கள். முதல் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். இரண்டாவது வீட்டு மாடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மணி எட்டே முக்கால். இறங்கி மேற்கே ஓடினார். எட்டு ஐம்பது. பெண்கள் மஞ்சள் கயிறு வைத்த தட்டோடு கேட்டுக்குக் கேட்டு நின்று அவர் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள்.

எனக்கு மாற்றக் கயிறு இல்லை. அதனால் மற்றவற்றைப் பார்க்க நேரம் இருந்தது. ரெங்கம்மாள் வீட்டுக் கம்பத்தில் கட்டியிருந்த வாழை காற்றில் லேசாக விலகியபோது, அதன் பின்னால் ஒரு கறுப்பு வயர் முனை அறுபட்டுத் தொங்குவது எனக்குத் தெரிந்தது.

"சுருளி! வாழமரத்துக்குப் பின்னால பாருங்க!" என்று கத்தினேன். முப்பது வருடமாக வகுப்பில் கத்திப் பழகிய குரல். தெருவே திரும்பியது.

பேயாண்டி தலையைச் சொறிந்தார். "மரத்தக் கட்ட எடஞ்சலா இருந்துச்சு மாப்ள. பழைய வயரு போலன்னு அருவாளால..."

கல்யாணம் பார்க்க வாழைமரம் கட்டப்போய், கல்யாணம் வருகிற வழியையே அறுத்து வைத்திருந்தார்கள். ரெங்கம்மாள் கணவரைப் பார்த்த பார்வையில் அந்த வாழை வாடியிருக்கும். சுருளி ஓடிவந்தார். ஏணியைச் சாய்த்து ஏறினார். அறுந்த இரண்டு முனைகளும் எட்டவில்லை, நடுவில் துண்டு வயர் சேர்க்க வேண்டியிருந்தது. முனையெல்லாம் வாழைப்பால் பிசுபிசுத்தது. வேட்டியில் துடைத்து, தோலைச் சீவி, மறுபடி துடைத்தார். மணி ஒன்பது தாண்டிவிட்டது.

அப்போது கிழக்குக் கோடியில் செல்லக்கிளி வெளியே வந்தாள். கையில் தட்டு. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலு வீடு தாண்டியதும் நின்றாள். மறுபடி நடந்தாள். ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வெகு நேரம் நின்றாள். வெயில் அவளுக்கு மேல் விரிந்து கிடந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கியிருக்கலாம். போகவில்லை. அந்த நடை அவளுடையது, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்று ஏனோ தோன்றிவிட்டது. சுருளிக்கு அவள் வருவது தெரியாது. அவர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் நாதஸ்வரம் கேட்டது.

பெண்கள் உள்ளே ஓடினார்கள். "படம் வருதா?" என்று சுருளி பழக்கத்தில் கேட்டார். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. தெரு காலியாகிவிட்டது. ஏணியில் நின்றபடியே அவர் ஜன்னல்களைப் பார்த்தார். எல்லா ஜன்னலிலும் அவருக்குத் தெரிந்த அதே முகம். கெட்டிமேளம் உயர்ந்தது. முதல் வீட்டில் குலவை கிளம்பி, அடுத்த வீடு எடுத்து, அதற்கடுத்த வீடு எடுத்து, தெருக்கோடி வரைக்கும் போனது. தாலி கட்டியாயிற்று.

சுருளி குனிந்தார். ஏணிக்குக் கீழே செல்லக்கிளி நின்றாள். தட்டில் கயிறு அப்படியே இருந்தது.

"கட்டிட்டாகளா மாமா?"

அவர் மெதுவாக இறங்கிவந்தார். "கட்டிட்டாக கிளி. முடிஞ்சிருச்சு." இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். வாழைப்பாலும் தூசியும் சேர்ந்து கை கறுத்திருந்தது. "நீ கேட்டு நான் குடுக்காமப் போனது இது ஒண்ணுதான்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. சுருளி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். செல்லக்கிளிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. வாழைத் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நாதஸ்வரம் மறுபடி கேட்டது. சின்னதாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

ரெங்கம்மாள் உள்ளே ஓடின அவசரத்தில் போனைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் வட்டம் சுற்றி முடித்து, படம் வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ரெங்கம்மாள் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் கத்தினார்:

"ஏத்தா கிளி! இங்க இன்னும் கட்டலைத்தா! இதுல இப்பத்தான் மாலை மாத்துறாக!"

டிவியில் முடிந்த கல்யாணம் போனில் சில நிமிடம் பிந்தி வந்துகொண்டிருந்தது. எதனால் அப்படி என்று சுருளிக்குத் தெரியும், எனக்கும் ஓரளவு தெரியும். அன்று அந்தக் காரணமெல்லாம் யாருக்கு வேண்டும்? அந்தக் கையளவு கண்ணாடிக்குள் மீனாட்சி இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"கை பூரா கறை கிளி" என்றார் சுருளி.

"பரவால்ல மாமா. சீக்கிரம்."

ரெங்கம்மாள் செல்லக்கிளிக்குப் பின்னால் தள்ளி நின்று, போனைக் கை நீட்டிப் பிடித்தார். செல்லக்கிளி படத்துக்கு முதுகு காட்டி, கணவரைப் பார்த்து நின்றாள். சுருளி எதிரே நின்று, புதுக் கயிற்றை எடுத்து, அவள் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய்ப் பிடரியில் முடிச்சுப் போட்டார். இருபது வருடமாகக் கண்ணால் பாராமல் வயரை முறுக்கிய விரல்கள். அவை தம்பாட்டுக்கு வேலை செய்தன. கண் அவள் தோளைத் தாண்டிப் போனில் இருந்தது.

அவர் வாய் மெல்லத் திறந்துகொண்டது. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. கெட்டிமேளம் இரண்டாவது தடவை உயர்ந்தபோது, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பெண்கள் புரிந்துகொண்டு இன்னொரு முறை குலவை போட்டார்கள். அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் மீனாட்சிக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது.

ஆவணியில் செல்லக்கிளிக்கு ஆபரேஷன் நடந்தது. தை பிறந்த பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கிறாள். நான் ஜாக்கெட் துணியோடு போனேன். சுவரை ஒட்டி வைத்த டிவியில் ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சுருளி வீட்டில் இல்லை, யார் மாடியிலோ நின்றிருப்பார்.

"எத்தனையோ வருசம் பாத்துருக்கேன் டீச்சர். அந்த வருசம் மட்டும் நான் மீனாச்சி கல்யாணத்தப் பாக்கல" என்றாள் அவள், அளவு நாடாவை எடுத்துக்கொண்டே. "அவுக மூஞ்சியத்தான் பாத்தேன். இருபத்திமூணு வருசமா குடும்பம் நடத்துறேன், அப்படி ஒரு மூஞ்சி அவுகளுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

நான் கையிலிருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"ஆசுபத்திரியில மயக்க மருந்து குடுக்குறப்ப, புடிச்சது எதையாச்சும் நெனச்சுக்கிட்டே கண்ண மூடுங்கம்மான்னாக. அந்த மூஞ்சிதான் வந்துச்சு. எந்திரிச்சுப் போயி இன்னொருக்கப் பாக்கணும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் ஞாபகம்."

நாடாவை என் தோளில் வைத்தாள். "கையத் தூக்குங்க டீச்சர்" என்றாள்.